உட்கார்ந்து பார்த்த ஊர்கள்

முதல் தடவை அம்மாவை தில்லிக்குக் கூட்டிப் போனபோது ஒரே நாளில் ஏழு இடங்கள் பார்த்தோம். காலையில் சுற்றுலாப் பேருந்தில் ஏறினால் இருட்டும்போது இறக்கிவிடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம். வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட்டதும் எல்லோரும் ஓடிவந்து ஏற வேண்டும். குதுப் மினாரில் அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே கைதட்டல் கேட்டுவிட்டது.

ஊர் திரும்பும் ரயிலில், "உனக்கு எதும்மா ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தோட்டம்டி" என்றார். எந்தத் தோட்டம் என்று எனக்குப் புரியவில்லை. "பஸ்ஸுல டயரு மாத்துனாங்களே, அப்ப போயி உட்காந்தோமே, அது. கிளியெல்லாம் மண்டபத்துக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்துச்சே."

அது லோதி தோட்டம். எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. டயர் பஞ்சரானதால் கிடைத்த முக்கால் மணி நேரம் மரத்தடிப் புல்லில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். பணம் கட்டி, வரிசையில் நின்று பார்த்த ஏழு இடங்களும் அவருக்கு ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. உட்கார்ந்த ஓர் இடம் மட்டும் கிளிகளோடு அப்படியே இருந்தது.

அதன் பிறகு நாங்கள் ஊர் பார்க்கும் விதமே மாறிவிட்டது. ஒரு நாளைக்கு ஓர் இடம். தெம்பு இருந்தால் சாயங்காலம் ஒரு பூங்கா. அப்படிப் போய்வந்ததில் கற்றுக்கொண்டவற்றை, வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் விடுமுறை நாளைப் பாருங்கள். தாஜ் மகால் வெள்ளிக்கிழமை திறக்காது. தில்லி தேசிய அருங்காட்சியகமும் செங்கோட்டையும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. இது தெரியாமல் ஒரு திங்கட்கிழமை தில்லியில் பூட்டிய வாசலுக்கு முன்னால் அம்மாவை வெயிலில் நிறுத்திவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

மறுநாள் போனோம். அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நாங்கள் சிந்துவெளிக் கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மொகஞ்சதாரோவில் கிடைத்த நடன மங்கையைப் பாடப்புத்தகத்தில் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆளுயரச் சிலை என்றே மனத்தில் பதிந்திருந்தது. நேரில் பார்த்தால் சுமார் 10.5 சென்டிமீட்டர்தான், ஒரு விரலைவிடக் கொஞ்சம் உயரம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அம்மா குனிந்து நின்றுகொண்டே இருந்தார். சிலையின் இடக்கையில் தோள்வரை வளையல்கள், வலக்கையில் நான்கே நான்கு. "சோத்துக்கைல நிறையப் போட்டா வேலை செய்ய முடியுமா? அதான் இந்தக் கைல அடுக்கியிருக்கா" என்றார். அவர் சொன்னது சரியா என்று நான் ஆராயப் போவதில்லை. ஆனால் நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு பொம்மையைத் தன் கையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்தது. அரை மணியில் பத்துக் கூடங்களைக் கடந்திருந்தால் கிடைத்திருக்காது.

அன்று சாயங்காலம் ஹுமாயூன் கல்லறை. நாலு மணிக்கு மேல் போனால் சிவப்புக் கல்லில் வெயில் சாய்ந்து விழுவதைப் பார்க்கலாம், கூட்டமும் அலைச்சலும் குறைவு. பெரும்பாலோர் நேராகப் பெரிய கட்டடத்துக்கு நடந்துவிடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் ஈசா கானின் எட்டுப் பட்டைக் கல்லறை இருக்கிறது. 1547-இல் கட்டியது, பெரிய கல்லறையைவிட மூத்தது. படிகள் குறைவு, சுற்றிலும் புல்வெளி. முழங்கால் வலி உள்ளவர்களை அங்கே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய்வரலாம். ஆனால் அம்மா பெரிய கட்டடத்தின் செங்குத்தான படிகளையும் ஏறினார். காரணம் நான் சொன்ன ஒரு செய்தி. தாஜ் மகால் கணவன் மனைவிக்குக் கட்டியது. அதற்கு 60 ஆண்டுகளுக்கும் முந்தைய இந்தக் கட்டடத்தை, கணவன் இறந்த பிறகு மனைவி ஹாஜி பேகம் முன்நின்று எழுப்பினார் என்பார்கள். "பொண்டாட்டி கட்டுனதா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். அப்பா போய் அப்போது இரண்டு வருஷம். மேலே போய் மேடையில் உட்கார்ந்தவர், காவலர் விசில் ஊதும்வரை எழுந்திருக்கவில்லை. நானும் எதுவும் பேசவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. போகும் இடத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரே ஒரு கதை சொல்லுங்கள். ஆண்டுகளும் வம்சங்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் யாருக்காகக் கட்டினார்கள் என்பது தெரிந்தால் கால்கள் தாமாக நடக்கும்.

லோதி தோட்டத்துக்கும் மறுபடி போனோம். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. சையது, லோதி சுல்தான்கள் காலத்துக் கல்லறைகளுக்கு நடுவே ஜனங்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள், குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். அங்கிருந்த கிராமத்தை அப்புறப்படுத்தி 1936-இல் உருவாக்கிய பூங்கா அது என்று பின்னால் படித்தேன். அதிலிருந்து, அங்கே உட்காரும்போதெல்லாம் அந்த வீடுகள் எங்கே இருந்திருக்கும் என்று கண் தேடுகிறது.

ஹைதராபாத்தில் சாலார் ஜங்கின் இசைக் கடிகாரத்துக்காக மட்டுமே ஒரு முற்பகலை ஒதுக்கலாம். மணிக்கொரு முறை ஒரு குட்டிப் பொம்மை வெளியே வந்து மணி அடித்துவிட்டுப் போகும். இதைப் பார்க்கத் தினமும் கூட்டம் கூடும். பன்னிரண்டு மணிக்குப் போனால் பன்னிரண்டு அடி கேட்கலாம் என்பதால் அப்போதுதான் நெரிசல் அதிகம். பதினொரு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். அங்கேயே பென்சோனி செதுக்கிய முக்காடிட்ட ரெபெக்கா இருக்கிறாள். பளிங்கில் செய்த மெல்லிய முக்காடு, அதன் வழியே முகம் தெரிகிறது. "ஆத்துல முங்கி எந்திரிச்சா சேலை ஒட்டுமே, அப்படி" என்றார் அம்மா. கல்லை வருணித்து நான் படித்த எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

சக்கர நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய அருங்காட்சியகங்களிலும் முக்கியமான நினைவுச் சின்னங்களிலும் கேட்டால் கொடுக்கிறார்கள். சிக்கல் நம் பெற்றோரிடம்தான். "நான் என்ன நோயாளியா?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலிலேயே உட்காரச் சொன்னால் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். இப்போது நாற்காலியை எடுத்துக்கொண்டு, எங்கள் பையை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகிறேன். முதல் கூடம் முடிந்ததும், "செத்த நேரம் உட்காரேன்" என்றால் உட்கார்ந்துவிடுகிறார். உள்ளே போனதும் கழிவறை எங்கே என்று முதலில் பார்த்துவைத்துக்கொள்வதும் அவசியம். அந்தக் கவலையில் தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்கள் பலர்.

கோயில்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் நண்பகலில் நடை சாத்தினால் பெரும்பாலும் நாலு மணிக்குத்தான் திறக்கும். வெயில் ஏறினால் பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. மதுரையில் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போன நாங்கள், தரிசனம் முடிந்து கூட்டத்தோடு தெற்கு வாசலில் வந்து நின்றோம். மே மாதம், பதினொன்றரை மணி. அம்மா வெறுங்காலோடு அந்தச் சூட்டில் நடந்து கிழக்கே வர வேண்டியதாயிற்று. பாதத்தில் கொப்புளம். நாலு திசையிலும் கோபுரம் உள்ள கோயிலில் எந்த வாசலில் நுழைந்தோம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும், இடுப்பில் ஒரு ஜோடிக் காலுறையும் செருகிக்கொள்ள வேண்டும். அங்கே செல்போனும் கொண்டுபோக முடியாது. ஆகவே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பொற்றாமரைக் குளத்துப் படி.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் காலை ஆறரைக்குள் போய்விடுவது நல்லது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சிறு வயதில் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். வெயில் வந்ததும் பின்பக்கம், கருவூரார் சன்னதி இருக்கும் மேற்குத் திசைக்குப் போய்ப் பாருங்கள். நிழல் நீளமாக விழுந்து கிடக்கும். அந்தக் குளிர்ந்த நிழலிலேயே உட்காரலாம். ஆயிரம் ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு இல்லாத அதிசயத்தை ஏன் சேர்க்க வேண்டும்? உள்ள அதிசயமே கண்ணெதிரில் இருக்கிறது. ராஜராஜன் காலக் கல்வெட்டு ஒன்று, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, எந்த ஊர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அம்மாவும் நானும் சுவரில் தெரிந்த எழுத்துகளைத் தொடாமல், கண்ணாலேயே கூட்டிப் படித்தோம். 'ர' புரிந்தது, 'ப' புரிந்தது, ஒரு முழுச்சொல் வாசித்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

வழிகாட்டி இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். அருங்காட்சியகக் காவலர்களிடம், "உங்களுக்கு இதுல எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். நாள் முழுக்க அங்கேயே நிற்பவர்கள் அவர்கள். எழும்பூர் வெண்கலக் கூடத்தில் ஒரு காவலர், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் எங்களை அழைத்துப் போனார். "முன்னாடி நிக்காதீங்கம்மா. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் மெதுவா நடந்து பாருங்க" என்றார். நடந்தோம். வலப்பக்கம் இரண்டு கைகளோடு ஆண். நடக்க நடக்க இடுப்பு வளைந்து, தோள் சரிந்து, ஒற்றைக் கையோடு பெண். அம்மா இன்னொரு முறை நடந்தார். காவலர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரச் சொன்னார்.

அடுத்து கொல்கத்தா போகிறோம். 1814-இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் வேலித் தூண்களை அம்மாவுக்குக் காட்ட வேண்டும், திங்கட்கிழமையைத் தவிர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நேற்று படங்களைக் காட்டினேன். தூண்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டடத்தின் நடுமுற்றத்தையும் அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இங்க உட்காரலாம்ல?" என்றார்.