பழைய கணனிப் பலகை: எதை எடுப்பது, எதை விடுவது?



சில மாதங்களுக்கு முன் படுவான்கரையில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் பூசை முடிந்த பின் ஒரு தாய் என்னிடம் வந்தார். கையிலிருந்த உரப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே பச்சை நிறக் கணனிப் பலகைகள் ஏழெட்டுக் கிடந்தன. "சுவாமி, இதுக்குள்ள பவுண் இருக்காம். எரிச்சா எடுக்கலாமாம். மகன் சொல்றான். உண்மையா?" என்று கேட்டார்.

அவருடைய வீட்டின் பின்புறம் போய்ப் பார்த்தேன். இரண்டு பலகைகளை மகன் ஏற்கெனவே எரித்திருந்தான். தாயோ அந்தச் சாம்பலை அடுப்புச் சாம்பலோடு சேர்த்து மிளகாய்ப் பாத்திக்குப் போட்டிருந்தார். எரிப்பதை நிறுத்துங்கள் என்று மட்டும் அன்று சொன்னேன். ஏன் நிறுத்த வேண்டும், எரிக்காமல் என்ன செய்யலாம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

கணனியின் தாய்ப்பலகை கண்ணாடி நாராலும் பிசினாலும் ஆனது. அதன் மேல் செம்புக் கோடுகள் ஓடுகின்றன. கால்கள் முளைத்த கறுப்புத் துண்டுகளைக் கணனி படித்தவர்கள் சில்லு என்பார்கள். நாம் வண்டிச் சில்லோடு குழப்பிக்கொள்ளாமல் சிப் என்றே சொல்வோம். இவற்றைப் பலகையோடு ஒட்டியிருப்பது சோல்டர். பழைய சோல்டரில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் 2006 யூலை முதலாந் திகதி தொடக்கம் ஈயத்தைத் தடுத்தன. அதன் பின் வந்த பலகைகள் பெரும்பாலும் ஈயமற்றவை. ஆனால் கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது. ஆகவே எல்லாப் பலகையிலும் ஈயம் உண்டு என்றே எண்ணி நடக்க வேண்டும்.

பவுண் உண்டா? உண்டு. இணைப்புகளின் மேல் மெல்லிய பூச்சாகவும் சிப்புகளின் உள்ளேயும் இருக்கிறது. ஒரு தொன் பலகையைச் சேர்த்தால் சில நூறு கிராம் தேறலாம். அப்படியானால் ஒரு கிலோவில் ஒரு கிராமின் சிறு பங்குதான். எரித்தால் அது சாம்பலிலும் செம்பிலும் கலந்து நிற்கும், தனியே வராது. பெல்ஜியம் நாட்டின் ஹோபோக்கனில் உள்ளதைப் போன்ற பெரிய உலைகளே அதை ஒழுங்காகப் பிரிக்கின்றன. வீட்டில் அமிலம் ஊற்றிப் பிரிக்க முயல்பவர் தமது நுரையீரலையும் கிணற்றையும் விலையாகக் கொடுப்பார்.

குய்யூ தரும் படிப்பினை

சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் குய்யூ என்ற ஊர் உள்ளது. அங்குள்ளவர்களும் நம்மைப் போல நெல் விதைத்தவர்களே. பின்னர் வெளிநாடுகளின் பழைய கணனிகள் அங்கு வந்து குவிந்தன. பெண்கள் நிலக்கரி அடுப்பின் மேல் பலகையைச் சூடாக்கி, சோல்டர் உருகியதும் சிப்புகளைக் கழற்றினார்கள். நல்லவை மறுபடி விற்கப்பட்டன. மற்றவை ஆற்றங்கரையில் அமிலத்தில் ஊறின. இதை 2002இல் ஓர் அறிக்கை உலகுக்கு எடுத்துக் காட்டியது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வூரின் 165 சிறு பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தது. பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, அக்காலத்தில் வைத்திருந்த எல்லையை விட அதிக ஈயம் இருந்தது. இவ்வளவு ஈயம் இரத்தத்தில் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இழந்ததை எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

விறகுச் சாம்பல் பயிருக்கு நல்லது. பலகைச் சாம்பலும் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அதிலுள்ள ஈயம் மண்ணில் அழுகாது. மேல்மண்ணிலேயே தங்கி, கீரையில் ஒட்டும், விளையாடும் பிள்ளையின் கையில் ஒட்டும். மாரி வெள்ளம் அந்த மண்ணை வாவிக்கு இழுத்துச் செல்லும். மீனும் இறாலும் நண்டும் அந்த வாவியிலிருந்துதான் நம் சட்டிக்கு வருகின்றன.

நான்கு படிகள்

விதைநெல்லை முதலில் பிரித்து வைத்த பின்புதான் சாப்பாட்டு நெல்லை அளக்கிறோம். இங்கும் ஒழுங்கு முக்கியம்.

1. முழுக் கணனி: பிரிப்பதற்கு முன் அது இயங்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததால் நல்ல கணனிகளும் ஒதுக்கப்படுகின்றன. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் அவற்றில் பல பிள்ளைகளின் படிப்புக்கு உதவும். சிப் தன் பலகையில் இருந்தபடியே வேலை செய்வதுதான் மிகச் சிறந்த மறுபயன்.

2. சூடில்லாமல் கழற்றுபவை: நினைவகப் பலகை, புரொசெசர், 12 வோல்ற் விசிறி, பொத்தான் பற்றரி, சில பழைய பலகைகளில் குழியில் செருகியிருக்கும் பயொஸ் சிப் ஆகியவை. முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, ஓர் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்குங்கள். நினைவகப் பலகைகள் டி.டி.ஆர். 2, 3, 4 என வகைப்படும். ஒவ்வொன்றிலும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருக முடியாது. வகை பிரித்து, கடதாசியில் சுற்றி, கணனி திருத்தும் கடைக்குக் கொண்டுபோங்கள். பொத்தான் பற்றரியைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் தொண்டையை அரித்துவிடும்.

3. சோல்டரிங் அயனால் கழற்றுபவை: இது றேடியோ திருத்தப் பழகும் இளைஞருக்கு உரியது. கால்கள் பலகையைத் துளைத்து மறுபுறம் வரும் பாகங்களை மட்டும் எடுக்கலாம். பழைய சோல்டர் 183 பாகை செல்சியசில் உருகும். ஈயமற்றது சுமார் 217 பாகையில் உருகும். மூட்டில் சிறிது புதிய சோல்டர் வைத்தால் பழையது இலகுவாக இளகும். தலை வீங்கிய கப்பாசிற்றரை ஒதுக்கிவிடுங்கள். அடியில் குண்டுமணி போன்ற மூட்டுகள் கொண்ட சதுரச் சிப்பைத் தொட வேண்டாம். தக்க கருவி இல்லாமல் அது பிழைக்காது. நெருப்பில் காட்டிய சிப் உள்ளே வெடித்துப் பழுதாகும். எடுத்ததைச் சோதித்து, பழையதைப் பழையது என்றே சொல்லி விற்பது நம் கடமை.

4. மிஞ்சிய பலகை: எரிக்காமல், உடைக்காமல், உரப்பையில் கட்டிக் கூரைக்குக் கீழ் வையுங்கள். இத்தகைய கழிவைக் கையாள்வோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. ஒரு குடும்பத்தின் இரண்டு கிலோவுக்காக அவர்கள் வரமாட்டார்கள். சங்கமாகச் சேர்த்தால் வருவார்கள், விலையும் பேசலாம்.

வேலை செய்யும்போது

சமையல் மேசையில் செய்ய வேண்டாம். வெற்றிலை, பீடி, தேநீர் எதுவும் வேலைக்கு நடுவில் கூடாது. ஈயம் கையிலிருந்து வாய்க்குத்தான் போகிறது. சோல்டர் புகை முகத்தில் படாமல் காற்றோட்டமான இடத்தில் இருங்கள். முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அருகில் வரக்கூடாது. மின்வழங்கிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆளைத் தாக்கும் மின் நிற்கும்.

சிந்தனைக்கு

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் நம் மக்கள். உள்ளதைக் கொண்டு சமாளிக்கும் திறமை நமக்குப் புதிதல்ல. ஐயாயிரம் பேர் உண்ட பின் மிஞ்சிய அப்பத் துண்டுகளும் வீணாகக் கூடாது என்று இயேசு சேர்க்கச் சொன்னார். சேர்ப்பது வேறு, எரிப்பது வேறு. பல முறை இடம்பெயர்ந்து பலவற்றை இழந்த நாம், மீண்டும் கிடைத்த காணியையும் பிள்ளைகளின் அறிவையும் ஒரு சிட்டிகைப் பவுணுக்காக இழக்கலாமா?

அத்தாயின் வளவில் சாம்பல் விழுந்த மேல்மண்ணை நனைத்து வாரிப் பையில் கட்டி, கிணற்றுக்குத் தூரமாக வைத்தோம். பாத்தியை வேறிடத்தில் போட்டார். மகன் இப்போது நினைவகப் பலகைகளை வகை பிரிக்கப் பழகுகிறான்.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் பழைய கணனி, ரி.வி., பற்றரி எங்கே போகின்றன? யார் எரிக்கிறார்கள்? ஏன்?
2. பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் கிணற்றடியிலும் அவற்றின் சாம்பல் உள்ளதா?
3. சங்கம் பொதுவாகச் சேர்த்து வைக்க ஓர் இடத்தை யார் தருவார்? கணக்கை யார் எழுதுவார்?

அடுத்த கூட்டத்துக்கு முன், ஒவ்வொரு வீட்டிலும் உள்ளதை எரிக்காமல் ஒரு பையில் கட்டிக் கொண்டுவாருங்கள்.