மஞ்சள் விளக்கில் மூன்று வினாடி

திருச்சி

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுவது. பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிள் கைக்கு வந்த மறுநாளே நீ மெயின் ரோட்டில் பள்ளிக்கூடம் போய்விட்டதாக உன் அம்மா சொன்னாள். அவளுக்கு அடிவயிறு கலங்குகிறதாம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போனைப் பிடுங்கி நீ ஒன்று கேட்டாயே, "சைக்கிளுக்கு எதுக்குப் பெரியம்மா சிக்னல்? நமக்கு ஃபைனா போடப் போறாங்க?" என்று, அதற்கு "பெரியவங்க சொன்னா கேளு" என்று நான் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. அது பதிலா? இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

ஃபைன் விஷயத்தில் நீ சொன்னது ஏறக்குறைய சரி. சிக்னல் விஷயத்தில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பேசுவது மோட்டார் வாகனம் ஓட்டுபவரைப் பற்றித்தான். காலால் மிதித்து ஓட்டும் சைக்கிள் அதில் சேராது. அதற்காக முழுக்கத் தப்பிவிட்டோம் என்று நினைக்காதே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி பொதுவழியில் எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றம் என்கிறது. உன் தாத்தா காலத்தில் கதையே வேறு. சைக்கிளுக்கு நகராட்சி வில்லை வாங்க வேண்டும். டபுள்ஸ் போனாலும் ராத்திரி விளக்கில்லாமல் போனாலும் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். தாத்தா அப்படி எத்தனை ராத்திரி தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார் தெரியுமா! இப்போது போலீஸ்காரர் கண்ணுக்கு சைக்கிள் தெரிவதே இல்லை. பஸ் டிரைவர் கண்ணுக்கும் அப்படித்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

சிக்னல் என்பது மோட்டார் வண்டிக்காக வந்தது என்று நீ நினைக்கலாம். இல்லை. லண்டனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் முதல் சிக்னல் கம்பம் நின்றது 1868 டிசம்பரில். அப்போது தெருவில் கார் ஏது? குதிரை வண்டி நெரிசலில் நடந்துபோகிறவர்கள் அடிபட்டார்கள். ஜான் பீக் நைட் என்ற ரயில்வே பொறியாளர் ரயிலுக்குக் காட்டும் சிவப்பையும் பச்சையையும் தெருவுக்குக் கொண்டுவந்தார். கேஸ் விளக்கு அது. ஒரு மாதத்துக்குள் வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரரையே காயப்படுத்தியது. அத்தோடு அதைக் கழற்றிவிட்டார்கள். குறுக்கே நடக்கும் மனுஷனுக்கு வழிவிட வைக்கத்தான் சிவப்பு தெருவுக்கு வந்தது.

என் கதைக்கு வருகிறேன். நான் சைக்கிள் கற்றது புதுக்கோட்டையில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கிராமம் கிராமமாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறிய காலம் அது. லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைத்தது! கம்பி வைத்த ஜென்ட்ஸ் வண்டியில்தான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். யார் சிரிக்கிறார்கள், யார் வழிமறிக்கிறார்கள் என்பதே அன்றைக்குக் கவலை. எங்கள் கிராமத்துச் சாலையில் சிக்னல் கிடையாது. அதைத் திருச்சிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

வந்த ஆறாவது மாதம் ஒரு சந்திப்பில் மஞ்சள் விழுந்ததும் வேகமாக மிதித்துப் புகுந்தேன். சிவப்பில் இல்லை, மஞ்சளில். பாதிகூடத் தாண்டவில்லை, பக்கவாட்டிலிருந்து வந்த ஒரு மொபெட் பின் சக்கரத்தில் இடித்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, சக்கரத்தில் கோட்டம். "பச்சை விழுந்துதானேம்மா வந்தேன்" என்று அந்த ஆள் அழாத குறையாகச் சொன்னார். அவர் சொன்னது நிஜம். மஞ்சளில்தான் வந்தேன் என்று நான் சொன்னதும் நிஜம். பிறகு எப்படி இடித்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய் அந்தச் சந்திப்பைக் காலடியால் அளந்தேன். சிக்னலில் நிற்கும் கோட்டிலிருந்து எதிர்க்கரை வரை ஏறக்குறைய 30 மீட்டர். இப்போது நீ நோட்டை எடு. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் மோட்டார் பைக் வினாடிக்கு 11 மீட்டர் ஓடும். 30 மீட்டரை 3 வினாடிக்குள் தாண்டிவிடும். மஞ்சள் எரிவதும் பெரும்பாலும் 3 வினாடிதான். முதுகில் புத்தக மூட்டையோடு நீ போகும் வேகம் 12 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். வினாடிக்கு 3.3 மீட்டர். உனக்கு 9 வினாடி வேண்டும். மூன்றாவது வினாடியில் உன் மஞ்சள் அணையும்போது நீ வெறும் 10 மீட்டர்தான் போயிருப்பாய். குறுக்குச் சாலையிலோ சிவப்பு விளக்கில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்; 3, 2 என்று வரும்போதே ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். நடுச்சாலையில் நீ.

ஆக, பைக்கின் காலை அளந்து தைத்த செருப்பு அந்த மஞ்சள். சிவப்பில் நிற்பது மட்டும் உனக்குப் போதாது. கோட்டுக்கு வருமுன் மஞ்சள் விழுந்தாலே நின்றுவிடு. பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

நிற்பதால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பைக் ஓட்டுகிறவனுக்கு மறுபடி கிளம்பக் கை மணிக்கட்டை ஒரு திருகு திருகினால் போதும். நமக்கு நின்ற வண்டியை எழுந்து ஊன்றி மிதிக்க வேண்டும். கேரியரின் இருபுறமும் கேஸ் சிலிண்டர் கட்டி வருகிற அண்ணன் ஒவ்வொரு சிவப்பிலும் நின்று நின்று எடுப்பதைப் பார்த்திருக்கிறாயா? அவர் ஒருநாள் நிற்காமல் போனால் திட்ட எனக்கு வாய் வராது. உன் கேரியரில் சிலிண்டர் இல்லை.

இந்தச் சிரமத்தை யோசித்துச் சில ஊர்களில் சட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல், 'நில்' பலகை வைத்த இடத்தில் யாரும் வரவில்லை என்றால் சைக்கிள்காரர் நிற்காமலே போகலாம். சின்னச் சின்ன சைக்கிள் வழக்குகள் கோர்ட்டில் குவிந்ததும் அதற்கு ஒரு காரணம். பாரிஸில் 2012 முதல் சில சந்திப்புகளில் சிவப்பு விளக்குக்குக் கீழே மஞ்சள் சைக்கிளும் அம்புக்குறியும் போட்ட சின்ன முக்கோணப் பலகை இருக்கிறது. அந்த அம்பு காட்டும் பக்கம் சைக்கிள் போகலாம். பெரும்பாலும் அது வலப்பக்கம். அங்கே வலப்பக்கமாக ஓட்டுகிறவர்கள், ஆகவே அந்த வலது நம் ஊர் இடது என்று வைத்துக்கொள். ஆனால் நடப்பவருக்கு வழிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஐடஹோவிலும் சிவப்பு விளக்கில் நேராகப் போக வேண்டுமென்றால் முதலில் முழுதாக நின்று, பார்த்து, பிறகுதான் நகர வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் வந்தால் கைதட்டுவேன். ஆனால் அங்கே கார்காரனுக்கும் அந்த விதி தெரியும், சைக்கிள் நகரும் என்று எதிர்பார்த்து வண்டியை வைத்திருப்பான். நீ நகர்வாய் என்று உன் சந்திப்பில் யார் எதிர்பார்க்கிறார்கள்?

எங்கே நிற்பது என்பதுதான் நிற்பதைவிடப் பெரிய விஷயம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடப்பக்கம் ஒட்டி நிற்காதே. நம் பழைய தெருக்களில் முனை வீட்டு மூலையில் ஒரு கல் நட்டிருப்பார்களே, எதற்கு? வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சுவரைக் காப்பாற்றத்தான் அந்தக் கல். சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸுக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் நீ நின்றால், அந்தச் சுவர் நீதான். லண்டனில் சைக்கிள்காரர் சாவுகளில் பெரும் பங்கு லாரிகளால். தெருவில் ஓடும் வண்டிகளில் லாரி கொஞ்சம்தான், அப்படியும். பஸ்ஸுக்குப் பின்னால் நில், புகையைக் குடித்தாலும் பரவாயில்லை. அல்லது டிரைவர் பக்கக் கண்ணாடியில் தேடாமல் நேராகவே உன்னைப் பார்க்கும்படி நன்றாக முன்னால் போய் நில்.

அவசரமா? இறங்கித் தள்ளு. தள்ளும்போது நீ நடப்பவள். வெள்ளைக் கோட்டில் நடப்பவர்களோடு சேர்ந்து தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறிக்கொள். வலப்பக்கம் திரும்ப நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்; நடு ரோட்டில் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும் தைரியம் எனக்குக் கிடையாது.

இன்னொன்று. உங்கள் கோவையில் நிறைய சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்திருக்கிறார்கள் அல்லவா? கார்காரர்களுக்கு நிம்மதி, நிற்க வேண்டியதில்லை. நமக்கு? ஓயாமல் வரும் வண்டிகளில் எந்த இடுக்கில் நுழைவது? போன தடவை வந்தபோது எதிரே தெரிகிற கடைக்குப் போக அத்தனை தூரம் சுற்றிவிட்டு வந்தேன். சாலை ஓரத்தில் நின்று, ஒரு சிவப்பு விளக்கு இருந்தால் தேவலையே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏங்கினேன். அத்தனை பெரிய பஸ்ஸையும் டிப்பரையும் உனக்காக நிறுத்தி வைக்கிற ஒரே சாமான் அது. அந்த டிரைவர்கள் உனக்காக நிற்கும் அதே விளக்கில் நீ அவர்களுக்காக நிற்கமாட்டேன் என்றால் எப்படி?

பொங்கலுக்கு வருகிறேன். உன் வழியில் மிச்சமிருக்கும் சிக்னல்களை விடிகாலையில் போய்க் காலடியால் அளப்போம், மஞ்சள் எத்தனை வினாடி என்று உன் வாட்சில் பார். அதற்கு முன், புது வண்டி என்றால் நட்டெல்லாம் தளரும். கடையில் கொடுத்து ஒரு தடவை முறுக்கிவிடச் சொல். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கிறது என்று வீட்டுத் தெருவில் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா