இரண்டாவது ரவுட்டர் வாங்கிய பிறகு

கேள்வி: எங்கள் ரைஸ்மில்லில் 8 கேமரா, எடைமேடையில் ஒரு கம்ப்யூட்டர், ஆபீசில் மூன்று. எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில் இருந்தன. நெட் மெதுவாக இருக்கிறதே என்று எடைமேடை பக்கம் இன்னொரு ரவுட்டர் மாட்டினேன். வேகம் கூடவில்லை. எடைச்சீட்டு ஆபீஸ் பிரின்டரில் வருவதும் நின்றுவிட்டது. கல்லணையில் தண்ணீரைப் பிரித்துவிடுவதுபோல ரவுட்டரும் பிரித்துத் தரும் என்றார்களே?

- வாசகர், பாபநாசம் வட்டம்

பதில்: பிரின்டர் பழுதாகவில்லை. எடைமேடை கம்ப்யூட்டர்தான் வேறு நெட்வொர்க்குக்குக் குடிபோய்விட்டது. ஸ்விட்ச் சேர்த்துவைக்கும்; ரவுட்டர் எல்லை போடும். பிரின்டரைப் பெயரால் தேடும் அறிவிப்பை ஸ்விட்ச் எல்லா போர்ட்டுக்கும் அனுப்பும். ரவுட்டர் தன் எல்லையிலேயே நிறுத்திவிடும். நீங்கள் மில்லுக்கு நடுவில் ஓர் எல்லையைக் கட்டிவிட்டீர்கள்.

கல்லணை உதாரணம் பாதி பொருந்தும். அங்கே பிரியும் வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிடுகிறது. நீடாமங்கலம் அருகே மூணாற்றுத் தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. எந்தத் தலைப்பும் கடைமடைவரை பார்ப்பதில்லை. ரவுட்டரும் அப்படியே: அடுத்து எந்த ரவுட்டரிடம் தள்ளுவது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆனால் தண்ணீருக்கு முகவரி கிடையாது. இத்தனை கன அடி என்று அளவு வைத்துத் திறக்கிறார்கள். ரவுட்டரோ ஒவ்வொரு பாக்கெட்டிலும் உள்ள ஐபி முகவரியைப் பார்த்து வழிவிடுகிறது. பங்கு வைப்பது அதன் இயல்பான வேலை அல்ல. மேட்டூரில் திறக்காத தண்ணீரைத் தலைப்பு கட்டிக் கொண்டுவர முடியாதே. இரண்டாவது ரவுட்டரும் வேகத்தைக் கூட்டாது.

ஸ்விட்ச் பார்ப்பது ஐபியை அல்ல, கருவியோடு வரும் 48 பிட் மேக் முகவரியை. எந்த முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தானே கற்றுக்கொண்டு, அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். முன்பிருந்த ஹப் எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொட்டும். பல போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்ச்சை 1990 வாக்கில் கொண்டுவந்தது கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர். கல்பனா அவர் மனைவியின் பெயர். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

புதிய ரவுட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் செட்டிங்கில், கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். அதன் ஐபி முகவரி பழைய ரவுட்டருடையதோடு மோதாதபடி மாற்றுங்கள். கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லான் போர்ட்டில் செருகுங்கள். இனி அது வைஃபை உள்ள ஒரு ஸ்விட்ச் மட்டுமே. சீட்டு வரத் தொடங்கும். பழைய ஸ்விட்ச்சுக்கும் இதற்கும் இடையே ஒரே கேபிள்தான் இருக்க வேண்டும். இரண்டாவதைச் செருகினால் அறிவிப்புகள் வட்டமாகச் சுற்றி, மொத்த நெட்வொர்க்கும் ஸ்தம்பித்துவிடும். கணினி வல்லுநர் ராடியா பெர்ல்மன் 1985இல் இதற்குத் தீர்வு கண்டார் என்றாலும் மலிவான ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலும் அந்த வசதி இருப்பதில்லை.

இனி வேகம். என் சந்தேகம் கேமராக்கள் மீதுதான். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் என்றால் எட்டுக்கும் 32. மில்லுக்குள் இருக்கும் ரெக்கார்டருக்கு மட்டும் போனால் 1000 மெகாபிட் ஸ்விட்ச்சுக்கு இது பொருட்டே அல்ல. இன்டர்நெட் பக்கமே போகாது. கிளவுடில் சேமிக்கும்படி வைத்திருந்தால் அத்தனையும் ரவுட்டர் வழியே வெளியேறும். அப்லோட் நிறைந்துவிட்டால் டவுன்லோடும் படுத்துவிடும். வந்து சேர்ந்ததாகச் சொல்லும் பதில் பாக்கெட்டுகள் வெளியே போக இடமிருக்காது.

ஒரு மணி நேரம் கேமராக்களின் கிளவுட் சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். வேகம் திரும்பினால் முழுப் படம் ரெக்கார்டருக்கு, செல்போனில் பார்க்கச் சிறிய படம் என்று மாற்றுங்கள். உங்கள் முதல் ரவுட்டரில் க்யூஓஎஸ் வசதி இருந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். நீங்கள் எதிர்பார்த்த முறைவைத்தல் அங்கேதான் இருக்கிறது. அப்படியும் போதாவிட்டால், அப்லோட் அதிகமுள்ள ஃபைபர் திட்டத்துக்கு மாறுவதுதான் வழி.