வாழும் ஊரில் வாக்கு யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் வாக்குச்சாவடி. அந்த வரிசையில் நிற்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது நாடுதோறும் எழும் வினா. குடிமகனாக இல்லாமல் ஓர் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்து உழைப்பவர், உள்ளாட்சித் தேர்தலிலாவது வாக்களிக்கலாமா? இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பிற நாடுகளில்

சுவீடனில் 1976 முதல், சில ஆண்டுகள் தங்கிய அயல்நாட்டவரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கின்றனர். அமெரிக்காவிலும் டகோமா பார்க் போன்ற சில சிறு நகரங்கள் இவ்வுரிமையை அளித்துள்ளன. ஆனால் அங்குப் பல மாநிலங்கள் இதனைத் தடுக்கத் தம் அரசியல் சட்டத்தையே திருத்தின. ‘ஒவ்வொரு குடிமகனும்’ என்றிருந்ததைக் ‘குடிமகன் மட்டுமே’ என்று மாற்றின. 2024 நவம்பரில் மட்டும் எட்டு மாநிலங்களில் இத்தகைய திருத்தங்களுக்கு மக்கள் ஒப்புதல் அளித்தனர்.

நம் அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு, மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் குடிமக்களுக்கே வாக்குரிமை தருகிறது. 1988இல் நிறைவேறிய 61ஆம் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்கியது. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைக் கொண்டே உள்ளாட்சிக்கும் பட்டியல் தயாராவதால், குடியுரிமை இல்லாதவருக்கு ஊராட்சியிலும் வாக்கில்லை.

இலங்கை தரும் பாடம்

தேயிலைத் தோட்டங்களில் உழைக்க நம் தென் மாவட்டங்களிலிருந்தும் மக்கள் கடல் கடந்து சென்றனர். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் வயது வந்தோர் வாக்குரிமையைக் கொணர்ந்தது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும் அதனைப் பெற்றனர். எனினும், முதல் தடை ஊர் மட்டத்திலேயே வந்தது. 1930களின் இறுதியில் கிராம சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்கு மறுக்கப்பட்டது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. விடுதலை கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது அது. லயத்தில் பிறந்த தொழிலாளியிடம் பாட்டனின் பிறப்புச் சான்று ஏது? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடிமக்கள் அல்லாதார் பட்டியலிலிருந்து நீங்கினர். 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடமும் இல்லை.

சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்திற்கு மட்டும் தீங்கு செய்யும் சட்டங்களைத் தடை செய்திருந்தது. அதனை நம்பிக் கோடக்கன் பிள்ளை என்பார் வழக்காடினார். ‘இது குடியுரிமை பற்றிய சட்டம், இனம் பற்றியதன்று’ என்ற கருத்தில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் வழக்கைத் தள்ளியது. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. அடிபட்டதோ பெரும்பாலும் ஓரினமே!

பின்னர் 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. நாடற்றோர் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. பிரதேச சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்கு இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. வாக்கில்லாதவன் வாசலுக்குச் சாலை தாமதமாகவே வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் மாவட்டத்தில்

1983 கலவரத்திற்குப் பின் படகேறி வந்தோருள் மலையகத்தாரும் உண்டு. நம் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, செவலூர், அனுப்பன்குளம் முதலிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. பீகாரிலிருந்து ஆலை வேலைக்கு வந்து இங்கே குடியிருப்பவர் இங்கேயே வாக்காளராகப் பதியலாம், அவர் குடிமகன். முகாமில் பிறந்து, நம்மோடு தமிழ்ப் பள்ளியில் படித்து, இதே வெயிலில் உழைப்பவருக்கோ அது இயலாது. தெருக்குழாயில் நீர் வராவிட்டால் அவர் மனு கொடுக்கலாம். வார்டு உறுப்பினரை மாற்ற முடியாது.

1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். அவ்வகையில் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவர், நீதிமன்றம் சென்று உரிமையை நிலைநாட்டி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். பின்னர் பிறந்த என் வயதினருக்கு மண்ணில் பிறந்தது மட்டும் போதவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.

முடிவுரை

வந்தவரெல்லாம் வாக்களித்தால் ஊராரின் குரல் அமுங்கும் என்போர் உண்டு. நேற்று வந்து நாளை போவோர்க்கு அது பொருந்தலாம். குடிமக்களுக்கே வாக்கு என்னும் விதியையும் நான் குறை கூறவில்லை. ஆனால் அவ்விதி நீதியாக இருக்க வேண்டுமாயின், நெடுங்காலம் வாழ்வோர் குடிமகனாக ஒரு வழி திறந்திருக்க வேண்டும். வாக்கையும் மறுத்து, வழியையும் அடைத்தால் அவர் எங்கே போய் முறையிடுவார்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பதினெட்டு வயதில் எனக்கு வாக்குரிமை கிடைத்தது, எனக்கு முன்னிருந்தோர் நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்தியதால். வாக்கில்லாதவர் சட்டத்தைத் திருத்த இயலாது. அவர்களுக்காகப் பேச வேண்டியது வாக்குள்ள நம் கடமையன்றோ?