கடலுக்குப் போகும் பெருமாள்

கேள்வி: ஸ்ரீமுஷ்ணம் சிறிய பேரூர்தான். அதற்கென்று தனிக் குணம் ஏதும் உண்டா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உண்டு. அந்தக் குணத்தைத் தந்தது பூவராகர் கோயில். வைணவர்கள் போற்றும் எட்டு சுயம்வியக்தத் தலங்களில், அதாவது பெருமாள் தானாகவே தோன்றிய தலங்களில், ஒன்று இது. திருவரங்கம், திருப்பதி, பத்ரிநாத் இருக்கும் வரிசை அது. இடுப்பில் கைவைத்து மேற்கு நோக்கி நிற்கும் மூலவரின் முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கும். தாயார் அம்புஜவல்லி, தலமரம் அரசு. புருஷசூக்த மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்பிகளின் கைத்திறனை நின்று பாருங்கள். அதே ஊரில் நித்தீஸ்வரர் என்ற பெயரில் சிவனும் இருக்கிறார்.

ஆனால் ஊரின் உண்மையான பெருமை மாசி மகத்தில்தான் விளங்கும். பெருமாள் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுவார். வழிநெடுக ஊர்கள் மண்டகப்படி நடத்தும். கிள்ளையில் இஸ்லாமியர்கள் தர்கா முன்பு பட்டும் மாலையும் சார்த்தி வரவேற்பார்கள். கோயில் மரியாதை அவர்களுக்கும் உண்டு. தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம் இது.

பக்கத்து ஊரையும் பக்கத்து மதத்தையும் தன் திருவிழாவில் சேர்த்துக்கொள்ளும் ஊர், மக்கள்தொகையில் சிறியதாக இருந்தாலும் மனத்தால் பெரிய ஊர். அடுத்த மாசி மகத்துக்குக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிள்ளைக்குப் போய்வாருங்கள்.