சர்வரின் சொந்தப் பேரேடு எந்த டிஸ்க்கில்?

நம் கடைகளில் பில் போடும் சாஃப்ட்வேர்கள் சிலவற்றுக்குப் பின்னால் மைசீக்வல் என்ற டேட்டாபேஸ் சர்வர் வேலை செய்கிறது. சரக்கு இருப்பும் வாடிக்கையாளர் பாக்கியும் நம் கணக்குகள். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம் என்பதற்கு சர்வர் தனக்கென ஒரு பேரேடு வைத்துக்கொள்கிறது. 5.7 பதிப்பு வரை அதன் முக்கியப் பகுதி 'ஐபிடேட்டா1' ஃபைலில் இருந்தது. 2018-ல் வெளியான 8.0 முதல் 'மைசீக்வல்.ஐபிடி' ஃபைலில் இருக்கிறது.

கடைக் கணக்கு ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் நகல் எடுத்து வைத்து நிம்மதியாக இருப்பவர்கள் நம்மில் உண்டு. டிஸ்க் பழுதான பிறகு அதைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் சர்வர் அப்படியே ஏற்காது. சிட்டை கையில் இருக்கும், பேரேடு இராது. மீட்பதற்கு விவரம் தெரிந்தவர் வேண்டும். பாக்கி முழுதும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது.

விண்டோஸில் இவையெல்லாம் வழக்கமாக சி டிரைவில் அமர்கின்றன. அதை ஃபார்மட் செய்தால் கணக்கும் போச்சு. அதே டிஸ்க்கில் டி டிரைவ் பிரித்து வைப்பது ஃபார்மட்டுக்குத்தான் காப்பு. டிஸ்க்கே கெட்டால் இரண்டும் போய்விடும். தனி டிஸ்க்தான் நல்லது. சர்வரை நிறுத்தி, 'டேட்டா' ஃபோல்டர் முழுவதையும் மாற்றி, 'மை.இனி' ஃபைலில் இடத்தைத் திருத்த வேண்டும். எப்படியானாலும், கடை சாத்துமுன் எல்லா டேட்டாபேஸ்களையும் சேர்த்து 'மைசீக்வல்டம்ப்' மூலம் எடுத்த நகல் ஒன்று வீட்டுக்கு வரட்டும்.