தேனை விலக்கினோம், தேனீயை?

கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் அடங்கும். தேனை விலக்கினோம், தேனீயைக் காத்தோமா?

தேனீ நாலறிவுயிர். கலவை வட்டாரத்து நெல்லும் வேர்க்கடலையும் தேனீயின்றியே விளையும். கொல்லையிற் படரும் பூசணி அவ்வாறன்று. அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தம் கனத்துப் பிசுபிசுப்பதால் காற்று அதனைச் சுமவாது. தேனீ முதலியன வாராவிடில் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். "பூக்கிறது, காய் பிடிக்கவில்லையே" என நம் இல்லத்துப் பெண்டிர் வருந்துவது பலபோது இதனாலேயே.

பூசணிப்பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் குவிந்துவிடும். அக்காலைப் பொழுதிலேயே பூச்சிமருந்து அடிக்கிறோம். அடிப்பவர் கூலியாளே எனினும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்றன்றோ பயின்றோம்? உழவில் நேரும் இம்சை முழுவதையும் இல்லறத்தார் தவிர்த்தல் இயலாது. இதனைத் தவிர்க்க இயலும். பூ குவிந்தபின் மாலையில் அடிக்கச் சொல்லலாம். (பீர்க்கு மாலையில் மலர்வது, அதற்கு இக்கணக்கு பொருந்தாது.)

இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளுக்கோ நேரம் பார்த்தும் பயனில்லை; அவை செடியின் சாற்றிற் கலந்து பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேர்வன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதனைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடைவிதித்தது. மருந்து வாங்குமுன் புட்டியின் மேலுள்ள பெயரைப் படிப்போம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டோர் குத்தகைதாரரிடமும் இதனை எடுத்துரைப்போம்.